தொட்டியில் வாழை வளர்த்த புளுகர்

செலெஸ்தினோ அர்ரோயோவைப் புளுகர் என்று சொன்னால் அவருக்கே கோபம் வராது. காலையில் எழுந்ததும் காபி குடிப்பதுபோல அவருக்கு அது ஒரு பழக்கம். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற பொய் கிடையாது, யார் குடியையும் கெடுக்கிற பொய்யும் கிடையாது. பேச்சு சப்பென்று இருக்கக் கூடாதே என்கிற நல்லெண்ணம்தான். பள்ளிக்கூட வாசலில் 'நில்' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பது அவர் பார்த்த உத்தியோகம். அதே பலகையை நீட்டி ஒரு சூறாவளியைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார். எந்தச் சூறாவளி என்று கேட்டால் அதன் பெயரைச் சொல்வார். திரும்பிப் போகும்போது அது முணுமுணுத்த கெட்ட வார்த்தையையும் சொல்வார்.

அமெரிக்காவின் வடகிழக்கே, ஹோலியோக்கில் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்குப் பிறகு என்னிடம் மிச்சமிருக்கிற பொறுமை ஒரு கைப்பிடிதான். அதையும் இந்த மனிதர் தின்று தீர்த்துவிட்டார்.

புவெர்த்தோ ரிக்கோ தீவிலிருந்து இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த எல்லாருக்குமே ஏதாவது ஒரு பைத்தியம் உண்டு. ஒருவர் குளியலறையில் சேவல் வளர்த்து வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டார். செலெஸ்தினோவுக்குச் செடிப் பைத்தியம். முன்பு ஒரு முறை, தொட்டியில் இருந்த எலுமிச்சைச் செடியில் கடைப் பழங்களை நூலால் கட்டித் தொங்கவிட்டு, தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் வாயைப் பிளந்து நின்றோம். அவருடைய டாமினோ கூட்டாளி தொரீபியோ மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போய் ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மரமே ஸ்டிக்கரோட காய்க்குது பாரு. அவ்வளவு ஒசந்த சாதி," என்றார் செலெஸ்தினோ, முகம் மாறாமல்.

தொரீபியோ அவருக்குக் கொம்பாய். ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் ஞானத்தகப்பன் ஆகிவிட்டால், அந்த இரண்டு ஆண்களும் சாகும்வரை கொம்பாய்கள். கூடப்பிறந்தவர்களாவது சொத்துக்காக அடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கொம்பாய்கள் அடித்துக்கொண்டால் கோயிலிலேயே கேள்வி வரும். மூலைக்கடையின் பின்னறையில் டாமினோ ஆடும்போது இருவரும் எப்போதும் ஒரே கட்சி. செலெஸ்தினோ அள்ளி விடுவார், தொரீபியோ ஓட்டை கண்டுபிடித்துச் சிரிப்பார். கட்டை ஆடுவதெல்லாம் இதற்கு ஒரு சாக்கு.

இந்த நிலையில்தான் நேந்திர வாழை வந்து சேர்ந்தது. தபாலில், ஈரக் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னக் கன்று. குட்டை ரகம், தொட்டியிலேயே காய்க்கும் என்று விற்றவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களும் நம் செலெஸ்தினோவுக்குச் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். நகராட்சி கொடுத்த சக்கரம் வைத்த பெரிய குப்பைத்தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, கன்றை அதில் நட்டார். அவர் வீட்டுக் குப்பை அன்று முதல் என் தொட்டிக்கு வந்தது. ஒரு நாள் குப்பை லாரிக்காரன் வாழையையும் சேர்த்துத் தூக்கப் போக, அவர் உள்ளாடையோடு தெருவில் ஓடி லாரியின் முன்னால் கையை நீட்டி நிறுத்தினார். இது நானே கண்ணால் பார்த்தது, அவர் சொன்ன கதை இல்லை.

கோடை முழுக்கப் பின்பக்க வராந்தாவில் வெயிலில் நிற்கும். குளிர் தொடங்கியதும் கூடத்துக்குள் வந்துவிடும். முதல் குளிர்காலத்தில் இலையெல்லாம் காய்ந்து துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. செத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த கோடையில் அது விறுவிறுவென்று கிளம்பி, மறுபடி உள்ளே கொண்டுவரும்போது கூரையைத் தொட்டு, இலைகள் மடங்கி, கூடத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. குட்டை ரகமாம். செலெஸ்தினோ குனிந்து குனிந்து நடந்தார். தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால் இலையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் என் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"நெரெய்தா, வாழை குலை தள்ளிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பூவுக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது, பாட்டு கேட்டது, கவர்னர் போன் பண்ணினார் என்று எதுவும் இல்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. மனிதருக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக் கீழே ஓடினேன். உண்மையாகவே, கூரைக்கும் சோபாவுக்கும் நடுவில், கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மொக்கு தலைகுனிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் அம்மா வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளாமல், "சோபாவுல பால் சொட்டுது, துணி போடுங்க," என்று திட்டிவிட்டு மேலே வந்தேன்.

பூமடல்கள் உதிர்ந்து பிஞ்சுகள் தலை காட்டியதும் அவர் மூலைக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அங்கேதான் வினை தொடங்கியது.

"ஸ்டிக்கர் எந்தக் கம்பெனி?" என்றார் தொரீபியோ, கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். பின்னறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"நெசமாத்தான் கொம்பாய். வந்து பாரு."

வந்தார். கூடவே கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும். தொரீபியோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று சீப்பு, விரல் நீளப் பிஞ்சுகள். அடியிலிருந்து பார்த்தார், சோபா மேல் ஏறி நின்று பார்த்தார்.

"நூல் தெரியல. பசையா?"

"வாழை போட்ட காய் கொம்பாய்."

"அப்படின்னா ஒண்ண இழுத்துப் பாக்குறேன்."

"இழுக்கக் கூடாது. பிஞ்சு."

"அதான் பாத்தேன். எங்க எல்லார் காதுலயும் பூ சுத்துற, சரி. எலுமிச்சைக்குச் சிரிச்சோம். கட்டின தாரைப் பாத்துக் கும்பிடச் சொல்றியா?"

செலெஸ்தினோவின் காது சிவந்ததை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். "நம்பாதவன் கை என் வாழை மேல படக் கூடாது," என்றார். "எல்லாரும் கெளம்புங்க."

நான் சும்மா இருக்கவில்லை. மொக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று தொரீபியோவிடம் சொன்னேன்.

"நீ அவர் வீட்டுக்கு மேல இருக்கறவ," என்றார் அவர். "அந்தப் புளுகோட ஆவி பட்டுப் பட்டு உனக்கும் மூளை வெந்துபோச்சு."

அன்றோடு பேச்சு நின்றது. டாமினோ மேசையில் செலெஸ்தினோவின் நாற்காலி காலி. தொரீபியோவுக்கு வேறு கூட்டாளி கிடைத்தார், உண்மை மட்டுமே பேசுகிற ஒரு மனிதர். ஆட்டம் சுடுகாடு மாதிரி ஆகிவிட்டது என்று கடைக்காரரே புலம்பினார்.

செலெஸ்தினோ என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். காபி ஆறிப்போயிற்று.

"பொறந்ததுலேருந்து பொய்தான் சொல்றேன் நெரெய்தா. ஒருத்தனும் கோவிச்சுக்கிட்டதில்ல. ஒரே ஒரு தடவ நெசத்தச் சொன்னேன், கொம்பாயே போயிட்டான்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "மூணு ராஜாக்கள் பண்டிகை அன்னிக்கு," என்றார் அவரே, "சர்ச் ஹால்ல எல்லார் முன்னாலயும் வெட்டுறேன். வெட்டுற எடத்துல பால் வடியும். கட்டின தார்ல பால் வடியாது. கொம்பாய் அதப் பாக்கணும். பாத்துட்டு அப்புறம் பேசாட்டிப் பரவால்ல."

அது ஜனவரி ஆறாம் தேதி. அதுவரைக்கும் வாழை உயிரோடு இருந்து காய் தேற வேண்டும். வெளியே கால்வாய் உறைந்து கிடந்தது. உள்ளே செலெஸ்தினோ ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, அடுப்பில் நான்கு பானை தண்ணீரைக் கொதிக்க வைத்து, வீட்டை எங்கள் தீவாகவே மாற்றிவிட்டார். என் தரையின் பலகைகள் உப்பிக்கொண்டன. டிசம்பரில் நான் கையில்லாத கவுனோடு வீட்டில் திரிந்தேன். போதாததற்கு ஒரு புது நம்பிக்கை வேறு அவருக்கு வந்துவிட்டது. வாழைக்கு முன்னால் பொய் சொன்னால் காய் சூம்பிவிடுமாம். பகல் முழுக்க அடக்கி அடக்கி வைத்திருந்துவிட்டுச் சாயங்காலமானால் மேலே ஏறி என் வீட்டுக்கு வந்து பொய் சொல்வார்.

"இன்னிக்கு ஒரு மீன் கால்வாய்லேருந்து எந்திரிச்சு வந்து வழி கேட்டுச்சு."

"சொல்லித் தொலைங்க. விடிஞ்சா எனக்கு வேலைக்குப் போகணும்."

"வழி சொன்னேன். தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிருச்சு. அப்பாடா." அவர் முகம் தெளிந்து இறங்கிப் போவார்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் எங்கள் தீவில் குதிரை மேல்தான் வருவார்கள். ஆனால் முந்தின நாள் பிள்ளைகள் பெட்டியில் புல்லை வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது ஒட்டகத்துக்காக. குதிரையில் வருகிறவர்களுக்கு ஒட்டகம் எதற்கு என்று எங்களில் யாரும் கேட்டது கிடையாது. காலையில் புல் இருக்காது, பரிசு இருக்கும். அப்பாதான் புல்லை எடுத்தார் என்று தெரிந்த பிறகும் வைப்போம். இங்கே ஜனவரியில் புல்லுக்கு எங்கே போவது? கடையில் முயலுக்கு விற்கிற வைக்கோலை வாங்கி வைப்போம். ஆக, ஒட்டகத்துக்குத் தீனி வைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நிஜ ஒட்டகத்தை யாரும் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஃபாதர் அன்செல்மோவுக்கு யோசனை வந்தது. வடக்கே ஒரு பண்ணையிலிருந்து நிஜ ஒட்டகத்தையே வாடகைக்குக் கொண்டுவந்துவிட்டார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு சர்ச் முற்றத்தில் நின்றாள். மெல்கியோர் ராஜாவாக வேஷம் கட்டியவர் தொரீபியோ. வெள்ளை அங்கி, அட்டைக் கிரீடம். மற்ற இரண்டு ராஜாக்களும் ஒட்டகத்தைப் பார்த்ததும் முட்டி வலி என்று சொல்லி நடந்தே வருவதாக முடிவெடுத்தார்கள்.

"இவ பேரு கிளாடிஸ்," என்றாள் அந்தப் பெண். கூட்டத்தில் நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி தொரீபியோவின் மனைவி.

"கிளாடிஸ் கொஞ்சம் பெருந்தீனி. பசி வந்தா யார் சொல்றதையும் கேக்க மாட்டா."

"எனக்குப் பழக்கந்தாம்மா," என்றார் தொரீபியோ.

"ரெண்டு கிளாடிஸும் உன்னச் சுமக்கணும்னு தலைல எழுதிருக்கு," என்றாள் மனைவி. அவரை எல்லாருமாகத் தூக்கி ஒட்டகத்தின் மேல் வைத்தார்கள்.

அதே நேரத்தில் தெருவின் மறுகோடியில் வாழை புறப்பட்டது. பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று செலெஸ்தினோ கேட்டுப் பார்த்தார். என் வேலை போனால் உங்கள் வாழையா சோறு போடும் என்று கேட்டு வாயை அடைத்தேன். நான்கு பேர் சேர்ந்து குப்பைத்தொட்டியைப் படியிறக்கினார்கள். குளிர் படாமல் இருக்க இரண்டு ரஜாய், அதற்கு மேல் செலெஸ்தினோவின் பழைய மேல்கோட்டு ஒன்று, உச்சியில் ஒரு கம்பளித் தொப்பி. பனியில் சக்கரம் கிறீச்சிட நாங்கள் தள்ளிக்கொண்டு போனபோது, எதிரே வந்த ஒரு வயதான அம்மா அதை வெளியூர் பிஷப் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

சர்ச் ஹாலின் வாசலில் சிக்கல் வந்தது. வாழை நிலையை விட உயரம், போர்த்தியிருந்ததில் அகலமும் கூட. சாய்த்தால்தான் நுழையும், அவிழ்த்தால்தான் சாயும்.

"ரெண்டே நிமிஷம்," என்று சொல்லி செலெஸ்தினோ போர்த்தியதையெல்லாம் உருவினார்.

அந்தச் சாம்பல் நிறத் தெருவில், பனிக்கு நடுவில், அத்தனை பச்சை. தார் நன்றாகத் திரண்டிருந்தது. ஹாலுக்குள் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். செலெஸ்தினோ கத்தியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே ஒட்டகத்தின் மேல் இருந்த தொரீபியோவைத்தான் பார்த்தார். தொரீபியோ வேறெங்கோ பார்த்தார்.

கிளாடிஸ் மட்டும் நேராகப் பார்த்தது. அது ஒரே எட்டில் அந்தப் பெண்ணின் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு வந்தது. மேலே மெல்கியோர் ராஜா, "நில்லு, நில்லு," என்று கிரீடத்தைப் பிடிப்பதா திமிலைப் பிடிப்பதா என்று தெரியாமல் தள்ளாடினார். முதல் இலையை அது அப்பளம் மாதிரி மென்று முடித்தது. அடுத்தது தார்.

செலெஸ்தினோ கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டியைக் கட்டிக்கொண்டார். தொரீபியோ ஒட்டகத்தின் கழுத்து வழியாகச் சறுக்கிக்கொண்டே வந்து பனியில் விழுந்தார். எழுந்தவர் என்ன நினைத்தாரோ, ஓடிப்போய்த் தாரின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் ஒட்டகம். அவர் இழுத்ததில் தார் மட்டும் தனியாக வரவில்லை. தாரோடு தண்டு வந்தது, தண்டோடு குப்பைத்தொட்டி வந்தது, தொட்டியோடு செலெஸ்தினோ வந்தார்.

"இது கட்டினதில்ல," என்றார் தொரீபியோ. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "இது கட்டினதில்லடா, மரத்தோட இருக்கு, ஒட்டகத்தப் புடிங்கடா."

ஒட்டகத்தைப் பிடிக்க யாருக்குத் தெரியும்? கிளாடிஸ் தலையை ஒரு வெட்டு வெட்டியது. காம்பு முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து பால் மளமளவென்று கொட்டி, மெல்கியோரின் வெள்ளை அங்கி மேல் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை வடிந்தது. வாழைக்கறை துணியில் பட்டால் துணி கிழியும், கறை போகாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தொரீபியோ தன் அங்கியைக் குனிந்து பார்த்தபடியே நின்றார். ஒட்டகம் மூன்று சீப்பையும் தோலோடு தின்று முடித்து, உதட்டை நக்கிக்கொண்டது. ஒரு காய்கூட மிஞ்சவில்லை.

செலெஸ்தினோ ஹால் படியில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, என் தரைப்பலகையெல்லாம் இதற்குத்தான் உப்பியதா என்று. தொரீபியோ கறை வழிகிற அங்கியோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சிரு கொம்பாய். இன்னொரு தார் வரும். பக்கக்கன்னு இருக்குல்ல."

"தாருக்கா அழுறேன்?" என்றார் செலெஸ்தினோ மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எல்லார் முன்னாலயும் சொன்னியே. நெசம்னு சொன்னியே."

தொரீபியோ அவரைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டார். கறை இவர் கோட்டிலும் ஒட்டிக்கொண்டது. அன்று ஹாலில் நாங்கள் கடைவாழையைத்தான் வறுத்து நசுக்கித் திரும்ப வறுத்துச் சாப்பிட்டோம். ஒரு தட்டை அந்த ரப்பர் பூட்ஸ் பெண்ணுக்கும் கொடுத்தேன். பாவம், அவள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோயிருந்தாள்.

ஏப்ரலில் தொரீபியோவின் மனைவி வழி உறவுக்காரர் ஒருவர் தீவிலிருந்து வந்தார். அனஸ்தாசியோ என்று பெயர், கணக்கு வாத்தியார். நான் பால் வாங்க மூலைக்கடைக்குப் போனபோது பின்னறையில் அவரை உட்காரவைத்து செலெஸ்தினோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே தொரீபியோ, பழையபடி ஒரே கட்சி.

"தார்ல பன்னெண்டு சீப்பு. ஒவ்வொரு காயும் என் முழங்கை நீளம். அத மோந்து பாத்துட்டு மூணு ஒட்டகம் வந்துச்சு. ஒண்ணு இல்ல, மூணு. ஒரே மாதிரி வரிசையா."

பின்னறையில் யாரோ இருமினார்கள். வாத்தியார் கட்டையைக் கீழே வைத்துவிட்டு தொரீபியோவைப் பார்த்தார்.

"நீங்க அங்க இருந்தீங்களாமே. இவர் சொல்றது நெசமா?"

தொரீபியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார். செலெஸ்தினோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்ல, தப்பாச் சொல்றாரு," என்றார் தொரீபியோ. "மூணு இல்ல, நாலு. நாலாவதுமேலதான் நான் உக்காந்திருந்தேன்."